பத்து ரூபாய்ப் பங்கு மலிவா, லட்ச ரூபாய்ப் பங்கு விலை அதிகமா?

திண்டுக்கல் ஆசிரியர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பள்ளிப் பணியிலிருந்து அண்மையில் ஓய்வு பெற்றேன். கையில் வந்த தொகையில் பெரும்பகுதியை வங்கியிலும் அஞ்சலகத்திலும் போட்டுவிட்டு, மீதியில் ஒரு சிறு பகுதியைப் பங்குகளில் இடலாம் என்று டீமேட் கணக்கு (பங்குகளை மின்வடிவில் வைத்திருக்கும் கணக்கு) தொடங்கியிருக்கிறேன். இன்னும் எதையும் வாங்கவில்லை. சில ஆண்டுகளாகப் பங்குகளில் ஈடுபட்டுவரும் என் மைத்துனர், "லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து எம்ஆர்எஃப் டயர் நிறுவனத்தின் பங்கு ஒன்றை வாங்குவதைவிட, அதே பணத்துக்குப் பத்து ரூபாய்ப் பங்கில் பத்தாயிரம் வாங்கிப் போடுங்கள். பத்து ரூபாய் இருபது ஆவது எளிது, லட்சம் இரண்டு லட்சம் ஆவது கடினம். இடையில் நிறுவனம் போனஸ் பங்குகள் கொடுத்தால் எண்ணிக்கையும் பெருகும்" என்கிறார். கேட்கும்போது சரியாகத்தான் படுகிறது. ஆனால் ஒரு பங்கின் விலை பத்தாக இருப்பதற்கும் லட்சமாக இருப்பதற்கும் என்ன காரணம் என்பது எனக்கு விளங்காமல் பணத்தைப் போட மனம் வரவில்லை. அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பேரேடு:

வணக்கம் ஐயா. காரணம் விளங்கும்வரை காத்திருக்கிறீர்கள் என்பதே நல்ல தொடக்கம்.

பங்கின் விலையை மட்டும் பார்த்து மலிவு என்றோ அதிகம் என்றோ சொல்ல இயலாது. நிறுவனம் மொத்தம் எத்தனை பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறதோ அந்த எண்ணிக்கையால் விலையைப் பெருக்கினால் வருவது சந்தை மதிப்பு. முழு நிறுவனத்துக்கும் சந்தை இன்று வைத்திருக்கும் விலை அதுதான். எம்ஆர்எஃப் நிறுவனத்தின் மொத்தப் பங்குகள் ஏறத்தாழ 42.4 லட்சம் மட்டுமே. பல பத்தாண்டுகளாக ஒரு பங்கைப் பல பங்குகளாகப் பிரிக்காமலும் போனஸ் வழங்காமலும் இருந்ததால் எண்ணிக்கை அப்படியே நிற்க, நிறுவனம் கண்ட வளர்ச்சி முழுவதும் ஒற்றைப் பங்கின் விலையிலேயே ஏறி, 2023 ஜூனில் அது லட்ச ரூபாயைத் தாண்டியது. லட்ச ரூபாய் விலையில் முழு நிறுவனத்தின் மதிப்பு சுமார் 42,400 கோடி.

இப்போது தொலைத்தொடர்பு நிறுவனமான வோடஃபோன் ஐடியாவை எடுத்துக்கொள்வோம். அதன் பங்குகள் 2025 கணக்கில் ஏறத்தாழ 10,800 கோடி. லட்சம் அல்ல, கோடி என்பதைக் கவனியுங்கள். பங்கு பத்து ரூபாய்க்கு விற்றால் நிறுவனத்தின் மதிப்பு 1,08,000 கோடி. அதாவது பத்து ரூபாய்ப் பங்கு கொண்ட நிறுவனத்துக்கு, லட்ச ரூபாய்ப் பங்கு கொண்ட நிறுவனத்தைப்போல இரண்டரை மடங்கு விலையைச் சந்தை வைக்கிறது. அந்தப் பத்து இருபதாக வேண்டுமானால் இன்னொரு லட்சம் கோடிக்கு மேல் மதிப்பு கூட வேண்டும். அதை எளிது என்று எப்படிச் சொல்வது?

அந்த எண்ணிக்கை எப்படி இவ்வளவு பெருகியது என்பதையும் பார்த்துவிடுங்கள். 2024 ஏப்ரலில் பங்கு 11 ரூபாய் வீதம் பொதுமக்களிடமும் நிதி நிறுவனங்களிடமும் 18,000 கோடி திரட்டினார்கள். 2025இல் அரசுக்குச் செலுத்த வேண்டிய 36,950 கோடி ரூபாய் நிலுவையை, பங்கு பத்து ரூபாய் வீதம் 3,695 கோடிப் பங்குகளாக மாற்றிக் கொடுத்தார்கள். நாம் சந்தையில் வாங்கும்போது பணம் விற்பவருக்குப் போகிறது, நிறுவனத்துக்கு ஒரு காசும் போவதில்லை. இப்படிப் புதிதாகப் பங்கு வெளியிடும்போதுதான் நிறுவனம் பயன்பெறுகிறது. அதே வேளையில் ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவரின் விகிதமும் சுருங்குகிறது.

சந்தை மதிப்புக்கு அடுத்துப் பார்க்க வேண்டியது லாபம். எம்ஆர்எஃப் 2023–24இல் ஈட்டிய நிகர லாபம் 2,000 கோடிக்குச் சற்று மேல். ஒரு பங்குக்கு வகுத்தால் ஏறத்தாழ 4,900 ரூபாய். பங்கு விலையை 1,30,000 என்று கொண்டால், லாபத்தைப்போல 26, 27 மடங்கு கொடுத்து வாங்குகிறோம். இந்த மடங்கைத்தான் பி/ஈ விகிதம் என்கிறார்கள். அதே துறையிலுள்ள பிற டயர் நிறுவனங்களின் மடங்கோடும், இதே நிறுவனத்தின் கடந்த பத்தாண்டு மடங்கோடும் ஒப்பிட்டால்தான் மலிவா இல்லையா என்ற பேச்சுக்கே பொருள் உண்டு. வோடஃபோன் ஐடியா ஆண்டுக்காண்டு நட்டத்தில் இருந்துவந்ததால், அங்கே இந்தக் கணக்கைத் தொடங்கவே முடியாது.

காவிரிக்கரை:

பேரேடு சொன்னதோடு போனஸ் பற்றியும் சேர்க்கிறேன். போனஸ் என்ற சொல்லைக் கேட்டதும் தீபாவளி போனஸ்போலக் கூடுதல் பணம் என்று பலர் நினைக்கிறார்கள். நிறுவனம் தன் கையிருப்பு நிதியில் ஒரு பகுதியைப் பங்கு மூலதனம் என்ற தலைப்புக்கு மாற்றி எழுதி, அதற்கு ஈடாகப் புதிய பங்குகளைத் தருகிறது. வெளியிலிருந்து புதுப் பணம் எதுவும் வருவதில்லை. ஒரு மனையை இரண்டாகப் பிரித்துப் பட்டா வாங்கினால் நிலம் கூடிவிடாது அல்லவா?

2025 ஆகஸ்டில் எச்டிஎஃப்சி வங்கி ஒன்றுக்கு ஒன்று போனஸ் வழங்கியது. சுமார் 1,960 ரூபாயில் முடிந்த பங்கு, போனஸ் தகுதி நீங்கிய நாளன்று (அன்றுமுதல் வாங்குவோருக்கு அந்தப் போனஸ் கிடையாது) 980 ரூபாய்க்கு அருகில் தொடங்கியது. அன்று காலை தங்கள் கணக்கைத் திறந்தவர்கள் சிலர் பதறிப்போனார்கள். விலை பாதியாகியிருக்கிறது, போனஸ் பங்குகளோ டீமேட் கணக்கில் வந்து சேர இன்னும் சில நாள்கள் ஆகும். ஆகவே செயலியில் முதலீடு பாதி கரைந்ததுபோல் சிவப்பில் தெரிந்தது. எங்கள் குடும்பத்திலேயே ஒருவர் விற்றுவிடப் போனார், தடுத்து விளக்க வேண்டியிருந்தது. பங்குப் பிரிப்பிலும் இதே கதைதான். அங்கே முகமதிப்பு (பங்குக்கு நிறுவனம் தன் கணக்கில் குறித்திருக்கும் அடிப்படை மதிப்பு) குறைகிறது, போனஸில் முகமதிப்பு மாறுவதில்லை, வேறுபாடு அவ்வளவே. சிறு முதலீட்டாளர் வாங்க வசதியாகும், சந்தையில் வாங்குவோரும் விற்போரும் கூடுவார்கள் என்பது உண்மையான பயன்.

திண்டுக்கல் ஆசிரியர்:

இருவருக்கும் மிக்க நன்றி. எண்ணிக்கையால் பெருக்கிப் பார்க்க வேண்டும் என்பது இப்போது தெளிவாகிவிட்டது. இன்னும் ஒன்று. மைத்துனர் காட்டிய ஒரு சிறு நிறுவனப் பங்கு நாள்தோறும் சரியாக ஐந்து விழுக்காடு ஏறிக்கொண்டிருக்கிறது, ஒரு டெலிகிராம் குழுவிலும் அதைப் பரிந்துரைக்கிறார்களாம். இது நல்ல அறிகுறி இல்லையா?

சந்தைமேடு:

ஐயா, இதைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும் என்பதால் எழுதுகிறேன். அந்தப் பங்கில் கை வைக்க வேண்டாம்.

ஒரு பங்கு ஒரே நாளில் எவ்வளவு ஏறலாம், இறங்கலாம் என்பதற்குப் பங்குச் சந்தைகள் 2, 5, 10, 20 விழுக்காடு என்று வரம்பு வைத்திருக்கின்றன (எஃப்அண்ட்ஓ எனும் முன்பேர வணிகப் பட்டியலில் உள்ள பெரிய பங்குகளுக்கு இத்தகைய நிலையான வரம்பு கிடையாது). நீங்கள் சொல்லும் பங்கு 5 விழுக்காடு வரம்பில் இருக்கிறது, தினமும் அப்பர் சர்க்யூட்டில், அதாவது அன்றைய மேல் வரம்பில், பூட்டிக்கொள்கிறது. அப்போது செயலியில் அந்தப் பங்கின் கேட்புப் பட்டியலைத் திறந்து பாருங்கள். இடப்பக்கம் வாங்குவோரின் ஐந்து விலைகளும், வலப்பக்கம் விற்போரின் ஐந்து விலைகளும் வரும். அப்பர் சர்க்யூட்டில் வாங்கும் பக்கம் லட்சக்கணக்கில் ஆணைகள் நிற்க, விற்கும் பக்கம் சுழியமாக இருக்கும். சிறு நிறுவனத்தில் பெரும்பாலான பங்குகள் சிலர் கையில் இருந்தால், அவர்கள் விற்காமல் வைத்துக்கொண்டே இந்தத் தோற்றத்தை உண்டாக்கிவிடலாம். டெலிகிராமில் கூட்டம் சேர்ந்ததும் அவர்கள் விற்கத் தொடங்குவார்கள். மறுநாள் பட்டியல் தலைகீழாகும்: விற்கும் பக்கம் லட்சக்கணக்கு, வாங்கும் பக்கம் சுழியம். நீங்கள் எந்த விலைக்கும் விற்க ஆயத்தமாக இருந்தாலும் வாங்க ஆள் இருக்காது. தினமும் 5 விழுக்காடாக இறங்கும், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். யூடியூப் காணொளிகளைப் பரப்பி இப்படி விலை ஏற்றிய குற்றச்சாட்டில் 2023 மார்ச்சில் பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி பலருக்குச் சந்தைத் தடை விதித்தது நினைவிருக்கலாம்.

பங்கின் பெயரோடு ஏஎஸ்எம் அல்லது ஜிஎஸ்எம் என்ற எச்சரிக்கை காட்டப்படுகிறதா என்றும் பாருங்கள். பங்குச் சந்தைகள் தனிக் கண்காணிப்பில் வைத்திருக்கும் பங்குகளுக்கு அந்தக் குறி இருக்கும். குறி இல்லாததால் பாதுகாப்பானது என்று பொருளாகாது.

திண்டுக்கல் ஆசிரியர்:

மிகவும் நன்றி. அதை வாங்கப் போவதில்லை. மைத்துனரிடமும் இன்றே பேசுகிறேன். கடைசியாக ஓர் ஐயம்: 2,000 விழுக்காடு ஈவுத்தொகை என்று எம்ஆர்எஃப் பற்றிப் படித்தேன். ஓய்வுக்காலத்துக்கு அது நல்ல வருமானம் ஆகாதா?

பேரேடு:

அந்த விழுக்காடு முகமதிப்பின்மேல் கணக்கிடப்படுவது ஐயா. எம்ஆர்எஃப் பங்கின் முகமதிப்பு 10 ரூபாய். 2023–24க்கு மொத்தம் 200 ரூபாய் ஈவுத்தொகை கொடுத்தார்கள், அதுதான் 2,000 விழுக்காடு. நீங்கள் 1,30,000 கொடுத்து வாங்கியிருந்தால் கிடைக்கும் வருமானம் ஆண்டுக்கு 0.15 விழுக்காடு மட்டுமே. லாபத்தின் பெரும்பகுதியைத் தொழிலிலேயே திரும்பப் போடும் நிறுவனம் அது. மாதச் செலவுக்கு அதை நம்ப முடியாது. செலவுக்கான தொகை வங்கியிலும் அஞ்சலகத்திலும் இருப்பதே சரி. தனிப் பங்குகளின் ஆண்டறிக்கையைப் படிக்கப் பழகும்வரை, ஐம்பது பெரிய நிறுவனப் பங்குகளைக் கொண்ட நிஃப்டி 50 குறியீட்டைப் பின்பற்றும் நிதி ஒன்றில் மாதம் ஒரு சிறு தொகை போட்டு வரலாம். அந்தக் குறியீட்டிலும் ஒவ்வொரு பங்குக்கும் தரும் எடை, அதன் விலையை வைத்து அல்ல, பொதுமக்கள் கையில் புழங்கும் பங்குகளின் சந்தை மதிப்பை வைத்தே தீர்மானிக்கப்படுகிறது.