தொண்டைமானாற்றுக் கதவும் எங்கள் ஊர்க் கிணறுகளும்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

போன கிழமை ரொறன்ரோ அண்ணா எழுதியதை இரண்டு முறை படித்தேன். உவராகிப்போன கிணற்றுத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் இயந்திரம் ஒன்றைப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வைக்க எங்கள் ஊர்ச் சங்கக் காசில் ஒரு பங்கைக் கொடுக்கலாம் என்கிறார். சிட்னி அக்காவும் சரி என்றிருக்கிறார். நானும் மறுக்கவில்லை. பிள்ளைகளுக்குக் குடிக்க நல்ல தண்ணீர் இன்றைக்கே வேண்டும். ஆனால் அந்த இயந்திரம் உப்பை இல்லாமல் ஆக்குவதில்லை, பிரித்துத்தான் வைக்கிறது. நல்ல தண்ணீர் ஒரு குழாயில் வரும், முன்னதைவிட உப்புக் கூடிய கழிவு மற்றக் குழாயில் வரும். அந்தக் கழிவைக் கிணற்றடியிலேயே ஊற்றினால் நாலு வருடத்தில் அதே கிணறு இன்னும் உவராகும். இயந்திரம் வரட்டும். கூடவே உப்பு எங்கிருந்து வருகிறது என்பதையும் நாங்கள் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு வெங்காயத் தோட்டம் களப்புப் பக்கம் இருந்தது பலருக்கு நினைவிருக்கும். மாசி, பங்குனி வரை தாள் பச்சையாக நிற்கும். சித்திரையில் நுனி கருகத் தொடங்கும். அப்பா குனிந்து ஒரு தாளைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்ப்பார். அன்றைக்கு வீட்டில் யாரும் அதிகம் பேசமாட்டோம். அம்மாவுக்கு அது அடுப்படியில் தெரியும். அந்தத் தண்ணீரில் பருப்பு லேசில் அவியாது. கோயில் கிணற்றில் அள்ளிவரச் சொல்லி எங்களைக் குடத்தோடு அனுப்புவார். இப்போது கோயில் கிணறும் வைகாசியில் கரிக்கிறது என்று ஊரில் இருந்து சொல்கிறார்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சிக் களப்பு பெரிய ஏரி, ஆனால் ஆழமில்லாதது. ஏறத்தாழ முப்பது சதுரமைல் பரப்பு, பல இடங்களில் இடுப்பளவு தண்ணீரும் இல்லை. மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டிவிடும். அதற்குப் பிறகு வெயிலும் சோளகக் காற்றும்தான். நாளுக்கு ஐந்து, ஆறு மில்லிமீற்றர் ஆவியாகப் போனால் ஐந்து மாதத்தில் முக்கால் மீற்றருக்கு மேல் போய்விடும். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அப்படியே மண்ணில் கிடக்கும். அடுத்த மாரி அதைக் கரைத்துக்கொண்டுதான் நிறையும். போதாக்குறைக்குத் தொண்டைமானாற்று வாயால் கடலும் ஏறி வரும், அதை மறிக்கத்தான் அங்கே கதவு. கடல்நீரில் லீற்றருக்கு 19,000 மில்லிகிராம் அளவில் குளோரைட்டு, அதாவது உப்பின் ஒரு கூறு, இருக்கிறது. 250ஐத் தாண்டினால் நாக்குக்கு உப்புத் தெரியத் தொடங்கும். அதாவது ஒரு குடம் கடல்நீர் எழுபத்தைந்து குடம் நல்ல தண்ணீரைக் கரிக்க வைக்கப் போதும். கதவில் சின்ன ஒழுக்குத்தானே என்று விடக்கூடாது என்பதற்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

களப்புக்கும் கிணற்றுக்கும் என்ன தொடர்பு என்று லண்டன் தம்பி கேட்டிருந்தார். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல், அடியெல்லாம் வெடிப்பும் பொந்தும். மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, பாரம் கூடிய உப்புத்தண்ணீருக்கு மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நிலாவரைக் கிணற்றை நினைத்துப் பாருங்கள்: மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. குடாநாடு முழுவதுமே அப்படித்தான். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால், அதன் பாரம் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு உப்பை அமுக்கி வைக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் கணக்கு. களப்பில் மாசி வரை ஒரு அடி நன்னீரைக் கூடுதலாக நிறுத்த முடிந்தால் அது கரையோரக் கிணறுகளுக்கு எவ்வளவு பெரிய காவல் என்று யோசியுங்கள். அதேபோல் மேலே ஒரு அடியை மோட்டர் வைத்து இறைத்துத் தள்ளினால் கீழே உப்பு எவ்வளவு ஏறும் என்பதையும்.

இது புதிய யோசனை இல்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் யாழ்ப்பாணத்து அரச அதிபராக இருந்த துவைனம் காலத்திலேயே களப்புகளை நன்னீராக்கும் பேச்சு இருந்தது. தொண்டைமானாற்றுத் தடுப்பணை 1947இல் தொடங்கி 1953இல் முடிந்தது. 1954இல் பொறியியலாளர் ஆறுமுகம் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்ற திட்டத்தை வைத்தார். கனகராயன் ஆற்று வெள்ளம் ஆனையிறவுக் களப்புக்கு வந்து சுண்டிக்குளத்தால் கடலுக்குப் போகிறது. சுண்டிக்குளத்தில் மறித்து, முள்ளியானில் சுமார் நாலு கிலோமீற்றருக்கு ஒரு வாய்க்கால் வெட்டி, அந்த நன்னீரை வடமராட்சிக் களப்புக்கும் அங்கிருந்து உப்பாற்றுக் களப்புக்கும் கொண்டுவருவது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவு. அவ்வளவுதான் திட்டம். பம்ப் இல்லை, மின்சாரம் இல்லை, தண்ணீர் தன்பாட்டில் இறங்கி வரும். பகுதி பகுதியாக வேலைகள் நடந்தன, அணைக்கட்டு வெள்ளத்தில் உடைந்தது, வாய்க்கால் முழுமையாகவில்லை, பிறகு போர். மிச்சம் எல்லோருக்கும் தெரியும்.

இனி நான் இருக்கும் இடத்தின் கதை. நெதர்லாந்தின் என்க்ஹாய்சனில் வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஐசல்மீர் ஏரி. 1,100 சதுரகிலோமீற்றர், கிட்டத்தட்ட யாழ்ப்பாணக் குடாநாட்டளவு. இது முன்பு கடல். லேலி என்ற பொறியியலாளர் 1891இல் இதை மறிக்கத் திட்டம் போட்டார். 1916இல் பெருவெள்ளம் வந்தது, 1918இல் சட்டம் வந்தது, 1932 மே 28இல் 32 கிலோமீற்றர் அணையின் கடைசி வாயை மூடினார்கள். லேலி அதைப் பார்க்க உயிரோடில்லை. ரைன் நதியின் கிளை ஒன்று ஏரிக்குள் நன்னீரைக் கொண்டுவந்தது. கடல் வற்றும் நேரம் மதகுகளைத் திறந்து உப்புநீரை வெளியே விட்டார்கள், கடல் ஏறும் நேரம் மூடினார்கள். நாளுக்கு இரண்டு தரம், வருடக்கணக்காக. சில வருடங்களில் நெத்தலி போய் நன்னீர் மீன் வந்துவிட்டது. இன்றைக்கு எங்கள் பக்கத்து ஊரான ஆன்டைக்கில் அந்த ஏரியிலிருந்து குடிநீருக்குத் தண்ணீர் எடுக்கிறார்கள்.

ஒருமுறை நன்னீராக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். 2018 கோடையில் மழை பொய்த்து, நதியில் வரத்துக் குறைந்தது. வெளியே தள்ளத் தண்ணீர் இல்லாததால், பூட்டு என்று சொல்லும், படகுகள் ஏறி இறங்கும் இரட்டைக்கதவு அறைகளாலும் கதவு இடுக்குகளாலும் கடல் மெல்ல உள்ளே வந்தது. ஆன்டைக்கில் குளோரைட்டு 150 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி, அது தாண்டியது. பூட்டுகளால் படகுகளை விடுவதைக் குறைத்தார்கள். இந்த நாட்டில் சில பூட்டுகளில் அடியிலிருந்து காற்றுக்குமிழியைத் திரைபோல எழுப்பி, உப்பும் நன்னீரும் கலப்பதைக் குறைப்பதும் உண்டு. எண்பத்தாறு வருடம் நன்னீராக இருந்த ஏரியே ஒரு கோடையில் தடுமாறியது. அதே 2018 மார்கழியில் கனகராயன் ஆற்றிலுள்ள இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்து, கிளிநொச்சியில் வீடுகளுக்குள் வெள்ளம் போனது. அந்த நன்னீர் சுண்டிக்குளத்தால் கடலுக்குப் போனதை நான் இங்கே இருந்து படத்தில் பார்த்தேன். அந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

நெதர்லாந்தை அப்படியே எங்கள் ஊரில் வைக்க முடியாது. அங்கே நதி வருடம் முழுக்க ஓடும், எங்களுக்கு மூன்று மாத மழைதான். எங்கள் கடலின் ஏற்ற இறக்கமும் சின்னது, நினைத்த நேரம் வடித்துவிட முடியாது. ஆகவே எங்களுக்குக் கிடைக்கிற ஒரே சந்தர்ப்பம் மாரி வெள்ளம். முதல் வெள்ளம் நிலத்தில் பூத்த உப்பைக் கரைத்துக்கொண்டு வரும், அதைப் பிடித்து வைக்கக்கூடாது, கதவைத் திறந்து விட்டுவிட வேண்டும். கடைசி மழையின் தண்ணீர்தான் நல்லது. அதற்குக் கதவை நேரத்தோடு மூட வேண்டும். ஒரு கிழமை பிந்தி மூடினால் நன்னீர் போய்விடும், முந்தி மூடினால் உப்பு உள்ளே நிற்கும், வயலும் மூழ்கும். இன்னொன்று: உப்புநீர் பாரம், கதவடிப் பள்ளத்தில் அதுதான் தங்கும். மேலே இருந்து பலகையைக் கழற்றினால் வழிந்து போவது நன்னீர். கீழிருந்து தூக்கும் கதவென்றால் முதலில் உப்பு போகும். இந்தச் சின்ன விஷயத்தில்தான் முழு ஏரியின் சுவையும் இருக்கிறது.

தொண்டைமானாற்றுக்குப் பேர் வந்த கதையைச் சின்ன வயதில் சந்நிதி திருவிழாவில் கேட்டிருப்பீர்கள். கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்றிப் போவதற்காக வெட்டிய ஆறு என்பார்கள். உப்புக்காகத் திறந்த வாய் அது. இன்றைக்கும் அந்த வாயை நம்பிப் பிழைக்கிற ஆக்கள் இருக்கிறார்கள். களப்பில் இறால் பிடிக்கிற குடும்பங்களுக்கு உவர்நீர் வேண்டும், கடலிலிருந்து குஞ்சு உள்ளே வர வாய் திறந்திருக்க வேண்டும். தோட்டக்காரர் பிள்ளையாகிய எனக்கு இதை எழுதுவது லேசு. அவர்களைக் கேட்காமல் கதவைப் பற்றி நாங்கள் வெளிநாட்டிலிருந்து முடிவெடுப்பது பிழை. இங்கே ஏரியை மூடுவதற்கு ஏழு வருடம் முன்பே, 1925இல், பாதிக்கப்படப் போகும் மீனவருக்கு உதவிச் சட்டம் போட்டார்கள். அது போதவில்லை என்று பழைய மீனவக் குடும்பத்தார் இன்றும் சொல்வார்கள். ஆனாலும் முதலில் அவர்களைப் பற்றி யோசித்தார்கள்.

நன்னீர் ஆக்கினால் மட்டும் போதாது என்பதற்கும் இங்கேயே பாடம் உண்டு. தெற்கே ஃபோல்கெராக் என்ற ஏரி 1987இல் கடலிலிருந்து பிரிக்கப்பட்டு நன்னீரானது. வயல்களிலிருந்து வந்த உரச்சத்தால் கோடைதோறும் நச்சுப் பாசி பிடித்தது. மறுபடி உப்பாக்கலாமா என்று அரசாங்கமே யோசிக்கும் நிலை வந்தது. எங்கள் கிணறுகளில் நைத்திரேற்றுக் கூடியிருப்பது வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போடும் உரத்தால் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். உப்பைக் குறைக்கிறபோது யூரியாவையும் சேர்த்துப் பேச வேண்டும்.

தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2024இல் திறந்தாயிற்று, இனி களப்பு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நாளுக்கு 24,000 கனமீற்றர் என்பது குடிக்கவும் சமைக்கவும். வெங்காயத்துக்கும் தென்னைக்கும் அந்தத் தண்ணீரை ஊற்ற முடியாது. தோட்டத்துக்குக் கிணறுதான்.

கதவையும் முள்ளியான் வாய்க்காலையும் சங்கம் கட்ட முடியாது, அது அரசாங்கத்தின் வேலை. நாங்கள் செய்யக்கூடியது அளப்பது. களப்புக் கரையிலிருந்து கோயிலடி வரை ஒரே வரிசையில் பன்னிரண்டு கிணறு. ஒவ்வொரு பறுவத்துக்கும் அமாவாசைக்கும் உப்பின் அளவு, தண்ணீர் மட்டம், கதவு திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று ஒரு கொப்பியில் எழுத வேண்டும். உயர்தர விஞ்ஞானப் பிள்ளைகள் இரண்டு பேர் செய்வார்கள், அவர்களுக்கு மாதம் ஒரு தொகை கொடுப்போம். உப்பு அளக்கும் கைக்கருவி இங்கே எழுபது யூரோவுக்குள் கிடைக்கிறது, இரண்டு வாங்கி அனுப்புவது என் பொறுப்பு. இரண்டு வருடக் கணக்குக் கையில் இருந்தால், கதவை எந்தக் கிழமை மூட வேண்டும் என்று நீர்ப்பாசனக்காரருடன் பேச எங்கள் விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் ஒரே தாள் இருக்கும். அதோடு ஊரில் தூர்ந்து கிடக்கும் இரண்டு குளத்தையும் தூர்வார வேண்டும். மழைத்தண்ணீர் கிணற்றுக்கு இறங்கும் வழி அதுதான். அதற்கு எவ்வளவு வரும் என்று ஊர்க்கிளைத் தலைவர் கேட்டுச் சொன்னால் நல்லது.

முதல் அளவை ஐப்பசி மழைக்கு முன் எடுக்க வேண்டும், உப்பு ஆகக் கூடியிருக்கும் நேரம் அது. கருவியை அடுத்த மாதம் ஊருக்குப் போகிற பேர்லின் மச்சானிடம் கொடுத்துவிடலாம், அவர் போகும் திகதியை இங்கே எழுதட்டும். ரொறன்ரோ அண்ணா, இயந்திரக் கழிவுநீரை எங்கே விடப்போகிறார்கள் என்பதை விற்பனையாளரிடம் எழுத்தில் வாங்கி எங்களுக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்,
என்க்ஹாய்சனிலிருந்து உங்கள் தம்பி