ஜூலையில் வெஸ்ட் ஹைலண்ட் வே: டென்ட் தூக்கலாமா, மிட்ஜுக்குப் பயந்து அறை எடுக்கலாமா?

லெஸ்டர்வாசி
வணக்கம். ஜூலை கடைசி வாரம் 14 வயது மகனோடு ஸ்காட்லாந்தில் வெஸ்ட் ஹைலண்ட் வே நடக்கத் திட்டம். மல்கையிலிருந்து ஃபோர்ட் வில்லியம் வரை 154 கிலோமீட்டர், எட்டு நாள். பள்ளி விடுமுறைக்குள்தான் முடியும், அதனால் பூச்சி கிளம்பும் முன்பே, மே மாதம் போகலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. தினமும் அறை எடுத்தால் பர்ஸ் தாங்காது, ஆகவே டென்ட். ஆபீஸில் கூட வேலை செய்யும் ஸ்காட்லாந்துக்காரர் கேட்டுவிட்டு, "ஜூலையிலா? மிட்ஜ் உங்களைத் தின்றுவிடும்" என்று சிரிக்கிறார். மிட்ஜ் என்றால் கொசுவைவிடச் சின்னதாக, கூட்டமாக வந்து கடிக்கும் பூச்சியாம். தஞ்சாவூர்க் கொசுவுக்கு ரத்தம் கொடுத்து வளர்ந்தவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? கொசுவத்தியும் ஓடோமாஸும் போதாதா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கிளைட்கரை
தம்பி, நான் கிளாஸ்கோவில கனகாலமா இருக்கிறன். ஒளிச்சுச் சொல்ல ஒண்டுமில்லை, ஜூலை கடைசியில கூடாரத்தோட போகாதேங்கோ.

நுளம்பு ஒண்டு ரெண்டா வரும், சத்தம் கேக்கும், அடிக்கலாம். இது சிறகை விரிச்சாலே ஒண்டரை மில்லிமீட்டர்தான். வாறது ஆயிரக்கணக்கில. காது மடல், கண்ணிமை, தலைமயிர் தொடங்கிற இடம், காலுறைக்கும் காற்சட்டைக்கும் நடுவில இருக்கிற ஒரு விரற்கடை தோல், எல்லாம் ஒரே நேரத்தில எரியும். எதை எண்டு அடிப்பியள்?

மேற்கு ஹைலண்ட்ஸ் முழுக்கப் புளிச்ச சதுப்பு மண். புழு வளருறது அதுக்குள்ளதான். மே கடைசியில முதல் கூட்டம் வெளிக்கிடும், பிறகு கோடை நடுவில அடுத்த தலைமுறையும் வந்து சேரும். கடிக்கிறது பெண் மட்டும். அதுவும் முதல் தரம் முட்டையிட அதுக்கு இரத்தமே தேவையில்லை, ரெண்டாம் தரத்துக்குத்தான் உங்களிட்ட வரும். ஆள் நடமாட்டமே இல்லாத மலையிலயும் அது அப்பிடிப் பெருகிறதுக்குக் காரணம் இதுதான்.

பகல்ல நடக்கேக்க பெரிசாத் தெரியாது. பின்னேரம் கூடாரம் அடிக்கக் குனியேக்கதான் தெரியும். அந்தி வெளிச்சம் அதுக்குப் பிடிச்ச நேரம், அங்க ஜூலையில அந்தி மணிக்கணக்கில நீளும். பெடியன் ரெண்டாம் நாளே வீட்ட போவம் எண்டு நிப்பான்.

மொட்டைமாடி
> கூடாரத்தோட போகாதேங்கோ

அண்ணா, ஒவ்வொரு கோடையிலும் யாராவது இதே கேள்வியைக் கேட்பார்கள், நீங்களும் இதே பதிலைப் போடுவீர்கள். :) ஜூலையில் அந்தப் பாதையில் டென்ட் தூக்கிக்கொண்டு நடக்கிறவர்கள் கொஞ்சநஞ்சமா? நானும் நடந்திருக்கிறேன், தோல் இன்னும் உடம்போடுதான் இருக்கிறது.

மிட்ஜுக்குக் காற்று ஆகாது. மணிக்கு 7 மைல் வேகத்துக்கு மேல் வீசினால் அதனால் பறக்க முடியாது. அது பெரிய காற்றே இல்லை, இலை விடாமல் அசையும், முகத்தில் படும், அவ்வளவுதான். நல்ல வெயிலும் அதற்குப் பிடிக்காது. நடக்கும்வரை பிரச்சினை இல்லை, நிற்கிற இடத்தில்தான் பிரச்சினை. ஆகவே எங்கே நிற்பது என்பதை மட்டும் யோசியுங்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தை ஏரிக்கரையில், மரத்தடியில் பிரிக்காதீர்கள். கோனிக் ஹில் மேலேயே உட்கார்ந்து பிரியுங்கள். டென்ட்டைச் சின்ன மேட்டில், காற்றுப் படும் பக்கம் போடுங்கள். ஓடை ஓரம், பெரணி மண்டிய இடம், பள்ளம், இந்த மூன்றும் போட்டோவுக்கு மட்டும்தான்.

கொசுவத்தி வேண்டாம். வெளியே ஏற்றினால் புகை நிற்காது, டென்ட்டுக்குள் ஏற்றினால் தீ, மூச்சுத்திணறல் இரண்டுக்கும் நீங்களே வழி செய்ததாகும்.

கிளைட்கரை
மேட்டில போடு, காத்துப் படுற பக்கம் போடு. கேக்க நல்லாத்தான் இருக்கு. லோமண்ட் ஏரியின்ர கிழக்குக் கரையில நினைச்ச இடத்தில கூடாரம் அடிக்கேலாது எண்டதைத் தம்பியிட்ட ஏன் சொல்லேல்லை? 2003ம் ஆண்டுச் சட்டம் ஸ்காட்லாந்தில காட்டில தங்க உரிமை தருது, சரி. ஆனா தேசியப் பூங்கா விதிப்படி மார்ச் 1 தொடக்கம் செப்டம்பர் 30 வரைக்கும் அந்தக் கரையில அனுமதிச்சீட்டு இல்லாமலுக்குத் தங்கேலாது. ஒண்டில் சீட்டு எடுத்து அவங்கள் சொல்லுற இடத்தில அடிக்கோணும், இல்லாட்டிக் காசு கட்டிற முகாமுக்குப் போகோணும். ரெண்டும் அனேகமா மரத்துக்கையும் தண்ணிக்கரையிலயும்தான் இருக்கு. அதாவது நீங்கள் "போட்டோவுக்கு மட்டும்" எண்டு சொன்ன அதே இடம்.

மொட்டைமாடி
அந்த விதி தெரியாமல் யாரும் போகக்கூடாது, அதில் உங்களோடு சண்டையில்லை. ஆனால் அது முதல் இரண்டு ராத்திரிக்கான கதை. அதே கரையில் இருக்கும் ரோவர்டெனனைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அந்த எல்லை முடிந்துவிடுகிறது. அதற்காக எட்டு நாளுக்கும் அறை எடுக்கச் சொல்வது அநியாயம்.

பழைய பூட்ஸ்
நீங்கள் இருவரும் தப்பான பூச்சியைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறீர்கள். ஹைலண்ட் மிட்ஜ் மனிதனுக்கு எந்த நோயும் கொடுக்காது. அரிக்கும், வீங்கும், அடங்கிவிடும். அதே புதரில் உட்கார்ந்திருக்கும் உண்ணி லைம் என்ற பாக்டீரியா நோயைக் கொடுக்கும். மிட்ஜுக்கு இத்தனை பக்கம் எழுதுகிற மன்றத்தில் உண்ணிக்கு ஒரு வரி இல்லை!

ராத்திரி படுப்பதற்கு முன் முழங்கால் பின்புறம், இடுப்பு, அக்குள், பையனுக்குக் காதுக்குப் பின்னால் தடவிப் பாருங்கள். உண்ணி எடுக்கும் கொக்கி மருந்துக்கடையில் கிடைக்கும், இல்லையென்றால் நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய் விடுவது, நெருப்பால் சுடுவது எல்லாம் கூடவே கூடாது. பிறகு சில வாரங்களுக்குள் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு படர்ந்தால் டாக்டரிடம் போங்கள். மிட்ஜுக்கு டீட் என்ற பூச்சிவிரட்டி, 50% உள்ளதை, அடித்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான். பட்டாளத்துக்காரன் கண்டுபிடித்த மருந்து, அதை மிஞ்ச ஒன்றும் வரவில்லை.

மாத்திரைப்பெட்டி
பூட்ஸ் ஐயா, உண்ணி பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. டீட்டில்தான் தகராறு. நான் பார்மசியில் வேலை செய்கிறேன், கோடையில் வாராவாரம் இந்தக் கேள்வி வரும்.

டீட்டை அமெரிக்க ராணுவம் 1946-ல் எடுத்துக்கொண்டது, நல்ல மருந்துதான். ஆனால் சதவீதம் கூடினால் வீரியம் கூடாது, எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதுதான் கூடும். 50-க்கு மேல் போனால் அதுவும் பெரிதாக நீளாது. அதோடு அது பிளாஸ்டிக்கைக் கரைக்கும். மூக்குக்கண்ணாடி, கைக்கடிகார முகப்பு, ஊன்றுகோலின் பிடி எல்லாம் பிசுபிசுத்துப்போய் நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிகாரிடின் 20% வாங்குங்கள். வாடை கிடையாது, பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது, மிட்ஜுக்கும் வேலை செய்யும். ஸ்காட்லாந்தில் எல்லாக் கடையிலும் தொங்கும் ஸ்மிட்ஜ் பாட்டிலில் இருப்பதும் அதுதான். முதலில் சன்ஸ்கிரீன், அது காய்ந்தபிறகு இது.

லெஸ்டர் அண்ணா, ஓடோமாஸில் இருப்பது டைஎத்தில் பென்சமைடு, 12%. டீட்டின் உறவுக்காரன். வீட்டுத் திண்ணைக்குப் போதும். வியர்த்து, மழையில் நனைந்து நடக்கும் நாளுக்கு அதை நம்பி நான் போகமாட்டேன். பூண்டு, வைட்டமின் பி மாத்திரை கேட்டு வருகிறவர்களைக் காசு மிச்சம் என்று திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

துணிக்கு பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து அடிப்பதாக இருந்தால் வீட்டில் பூனை இருக்கிறதா பாருங்கள். ஈரத்தில் பூனைக்கு அது விஷம், மீனுக்கும் விஷம், ஓடையில் துவைத்துவிடாதீர்கள்.

பழைய பூட்ஸ்
என் கைக்கடிகாரம் இரும்பு, அம்மா.

மாத்திரைப்பெட்டி
முகப்பு எதனால் ஆனது ஐயா? :)

மொட்டைமாடி
எந்த மருந்தானாலும் இரண்டாம் காவல்தான். முதல் காவல் தலைவலை. வாங்கும்போது பார்க்க வேண்டியது கண்ணியின் அளவு. கொசுவுக்கென்று விற்கும் வலைக்குள் மிட்ஜ் நுழைந்து வரும். மிட்ஜுக்கென்று தனியாக, கறுப்பு நிறத்தில், நெருக்கமாகப் பின்னியது கிடைக்கும். கறுப்பு ஏனென்றால் அதன் வழியாகத்தான் வெளியே பார்க்க முடியும், வெள்ளை வலை கண்ணைக் கூசும். அடியில் விளிம்பு வைத்த தொப்பி போட்டுக்கொள்ளுங்கள். வலை மூக்கைத் தொட்டால் மூக்கைத்தான் கடிக்கும். முழுக்கைச் சட்டை வெளிர் நிறமாக, மணிக்கட்டில் இறுக்கமாக.

டென்ட்டில் வெளித்துணி முதலில் ஏறும் வகையா, உள்வலை முதலில் ஏறும் வகையா என்று பாருங்கள். முதல் வகை என்றால் போட்டவுடன் பையோடு உள்ளே உருண்டுவிடலாம். பல் தேய்ப்பது, மறுநாளுக்குத் தண்ணீர் எடுப்பது, ஒன்றுக்குப் போவது எல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

லெஸ்டர்வாசி
நன்றி எல்லோருக்கும். உண்ணி விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. ஒரு சந்தேகம்: காலையில் எப்படி? டென்ட்டுக்குள் அடுப்பு மூட்டக்கூடாது என்றால் வலையைப் போட்டுக்கொண்டு எப்படிக் கஞ்சி குடிப்பது?

கிளைட்கரை
இப்பதான் கேக்க வேண்டியதைக் கேக்கிறியள். விடிய எழும்பி உள்வலையின்ர சிப்பைத் திறக்க முதல் வெளித்துணியைப் பாருங்கோ. உள்ளுக்கும் வெளிக்கும் நடுவில இருக்கிற இடம் முழுக்க அப்பியிருக்கும், துணியின்ர நிறமே தெரியாது. நீங்கள் இரவு முழுக்க விட்ட மூச்சுக்காத்து, அதில இருக்கிற காபனீரொட்சைட்டுத்தான் கூட்டிக்கொண்டு வாறது. ஒண்டு கடிச்சா அது விடுற வாசத்துக்கு மிச்சமும் வரும்.

கஞ்சி எப்பிடிக் குடிக்கிறதெண்டா, ஒரு கையால வலையைக் கொஞ்சம் தூக்கி, மற்றக் கையால கரண்டியை உள்ள விட்டு, நடந்துகொண்டே. நிண்டா முடிஞ்சுது. கோப்பையைப் பாத்தா மேல எள்ளுத் தூவின மாதிரி இருக்கும். அது எள்ளில்லை. சாப்பிடுங்கோ, வேற வழியில்லை.

இதுக்குத்தான் கூடாரம் வேண்டாம் எண்டிறன். மொட்டைமாடி தனியாப் போற ஆள், வேணுமெண்டா சாப்பிடாமலே நடப்பார். பிள்ளையோட போறது வேற.

மொட்டைமாடி
அடுப்பே மூட்ட வேண்டாமே! காலையில் ரொட்டி, சீஸ், வாழைப்பழம் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பி, அரை மணி நடந்து, காற்று வரும் இடத்தில் உட்கார்ந்து டீ போட்டுக்கொள்ளலாம். பிள்ளைகளை நீங்கள்தான் குறைத்து எடைபோடுகிறீர்கள். பெரியவர்கள் "ஐயோ" என்று ஆடாவிட்டால் அவர்களும் ஆடமாட்டார்கள்.

மாத்திரைப்பெட்டி
அது பையனைப் பொறுத்தது. லோக் நெஸ் பக்கம் ஓட்டமும் சைக்கிளுமாகச் சேர்ந்த போட்டிக்கு வந்தவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. உயரமானவர்களுக்குக் கடி அதிகம், பெற்றோருக்குக் கடி விழுந்தால் பிள்ளைக்கும் விழும் போக்கு இருக்கிறது என்று வந்தது. ஒரே டென்ட்டில் அப்பா சிரித்துக்கொண்டிருக்க மகனுக்குக் கண் வீங்கலாம். "ஆடாவிட்டால் ஆடமாட்டார்கள்" என்பதில் எனக்கு உடன்பாடில்லை. பையனுக்கு ஏற்கெனவே பூச்சிக்கடி பெரிதாக வீங்குமென்றால், தூக்கம் வராத வகை அலர்ஜி மாத்திரை பற்றிக் கிளம்பும் முன்பே பக்கத்துப் பார்மசியில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பும் ஒரு சின்ன டியூப்.

லெஸ்டர்வாசி
பையன் என்னைவிட உயரம் இப்போதே. :( அப்படியென்றால் பாதி பாதி? கின்லொக்லெவன், கிங்ஸ்ஹவுஸ் பக்கம் டென்ட், லோமண்ட் கரையில் கேபின் அல்லது ஹாஸ்டல். மொட்டைமாடி சொன்ன முதல் இரண்டு ராத்திரிக் கணக்குதான்.

மொட்டைமாடி
ரோவர்டெனனில் ஹாஸ்டல் இருக்கிறது, எடுங்கள். அதற்கு மேலே டென்ட் தாராளமாகப் போடலாம். ரானக் மூர் வெட்டவெளி, பெரும்பாலும் காற்று இருக்கும்.

கிளைட்கரை
பெரும்பாலும்! காத்து விழுந்த பின்னேரத்தில ரானக் மூர் முழுக்கச் சதுப்பு எண்டதை ஞாபகம் வச்சிருங்கோ. கிங்ஸ்ஹவுஸ் ஆத்தங்கரையில மான் கிட்ட வரும், எல்லாரும் அங்கதான் கூடாரம் அடிக்கிறவை, மழை விட்ட பின்னேரத்தில அதைவிட மோசமான இடம் அந்தப் பாதையிலயே இல்லை. கின்லொக்லெவன் மூண்டு பக்கமும் மலை, ஏரித் தலைப்பு, காத்து இறங்காது. உங்கட பட்டியல் தலைகீழ், தம்பி. இந்த ரெண்டுக்கும்தான் கட்டில் எடுக்கோணும்.

பழைய பூட்ஸ்
கின்லொக்லெவன் விஷயத்தில் கிளைட்கரை சொல்வது சரி. மற்றதில் அவர் மிகைப்படுத்துகிறார். கிங்ஸ்ஹவுஸில் நல்ல காற்றில் டென்ட் போட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

மொட்டைமாடி
கின்லொக்லெவன் கட்டில், ஒத்துக்கொள்கிறேன். கிங்ஸ்ஹவுஸுக்கு முதல் நாள் மிட்ஜ் முன்னறிவிப்பும் காற்று வேகமும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கிளைட்கரை
முதல் நாள் பாத்து முடிவெடுக்க ஜூலையில கட்டில் மிஞ்சியிருக்குமோ? கிங்ஸ்ஹவுஸில ஒரு ஹோட்டலும், அடுக்குக் கட்டில் போட்ட பங்க்ஹவுஸும்தான், மாதக்கணக்குக்கு முதலே நிறைஞ்சிடும். இண்டைக்கே ரெண்டு இடத்திலயும் கேட்டுப் பாருங்கோ. கிடைக்காட்டி, கிரியன்லாரிக், டைண்ட்ரம், பிரிட்ஜ் ஆஃப் ஆர்க்கி மூண்டிலயும் ரயில் நிக்கும். பெடியன் களைச்சுப்போனா அங்கயே ஏத்திக்கொண்டு ஃபோர்ட் வில்லியம் போங்கோ, ஒருத்தரும் கேக்க மாட்டினம். பிரிட்ஜ் ஆஃப் ஆர்க்கி தாண்டினா அந்த வழியும் இல்லை, ரயில் பாதை கிழக்க திரும்பி மூருக்குள்ள போயிடும்.

லெஸ்டர்வாசி
கின்லொக்லெவனில் இரண்டு கட்டில் கிடைத்துவிட்டது. கிங்ஸ்ஹவுஸ் நிறைந்துவிட்டது, காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுத்திருக்கிறேன். மிட்ஜ் வலை மூன்றாக ஆர்டர் போட்டாயிற்று, ஒன்று கிழிந்தால் என்ன செய்வது என்று மகன்தான் கேட்டான்.