புதுப்பிப்பு: செம்மறிக் குட்டிகள் இறந்த காரணம் தெரிந்துவிட்டது

தென்னாப்பிரிக்காவின் வெருலம் நகருக்கு அருகே எங்கள் பண்ணையில் கொழுகொழுவென்றிருந்த மூன்று குட்டிகள் ஒரே இரவில் இறந்ததையும், விஷச்செடியோ என்று நான் சந்தேகப்பட்டதையும் முன்பு எழுதியிருந்தேன். செடி இல்லை. இறந்த குட்டியின் குடல்நீரில் 'எப்சிலான்' என்ற கிருமி நச்சு இருந்ததாக ஆய்வக முடிவு வந்திருக்கிறது. அதைச் சுரக்கும் கிருமி, க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியாவின் 'டி' வகை. நலமான ஆட்டின் குடலிலும் இது குடியிருக்கும். ஆகவே கிருமியைக் கண்டால் மட்டும் போதாது, நச்சையும் காண வேண்டும் என்றார் கால்நடை மருத்துவர். சிறுகுடலில் ஒரு துண்டை இருமுனையும் நூலால் கட்டி, பனிக்கட்டியில் வைத்து உடனே அனுப்பியது வீண்போகவில்லை. அறுத்தபோது சிறுநீரகம் விரல் பட்டதும் கூழாகக் கரைந்தது. அதை மறக்க முடியவில்லை. குட்டிகளுக்குத் திடீரென மக்காச்சோளத்தை அள்ளிப் போட்டது நான்தான். மாவுச்சத்து குடலில் குவிந்தால் இக்கிருமி பெருகி நச்சைக் கக்குமாம். மீதிக் குட்டிகளுக்கு இந்நோய்க்கான முதல் தடுப்பூசி போட்டாயிற்று. 4 வாரம் கழித்து இரண்டாவது.