இரும்பு வினையூக்கி: அமிலம் சேர்த்தும் −1.3 வோல்டில் மின்னோட்டம் ஏறவில்லை, ஹைட்ரஜனும் இல்லை. உதவி தேவை

வைகைக்கரை:
வணக்கம். முனைவர் பட்ட ஆய்வில் முதல் வருடம். ஹைட்ரஜனேஸ் (புரோட்டான்களிலிருந்து ஹைட்ரஜன் உண்டாக்கும்) நொதியின் இரட்டை இரும்பு மையத்தைப் போன்ற ஓர் அணைவுச் சேர்மம் செய்திருக்கிறேன். இரண்டு இரும்பு, ஆறு கார்பனைல், பாலமாக பென்சீன் டைதையோலேட். ஐஆரில் (அகச்சிவப்பு நிறமாலையில்) 2079, 2044, 2004 செ.மீ⁻¹ என மூன்று பட்டைகளும் சரியாக வருகின்றன.

அசிட்டோநைட்ரைலில் 1 மில்லிமோலார் கரைசல், கிளாஸி கார்பன் மின்முனை. அமிலம் இல்லாதபோது −1.3 வோல்டில் அழகான மீள் அலை (சேர்மம் எலக்ட்ரான் வாங்கித் திருப்பித் தரும் மின்னோட்டச் சிகரம்). அசிட்டிக் அமிலம் எவ்வளவு சேர்த்தாலும் அந்த அலை அசையவே இல்லை. −2.1 பக்கத்தில் மட்டும் பெரிய மின்னோட்டம் வளர்கிறது. −1.4 வோல்டில் பல்க் எலக்ட்ராலிசிஸ் (நீண்ட நேர மின்னாற்பகுப்பு) வைத்தால் ஜிசியில் (வாயு நிறப்பகுப்புக் கருவியில்) ஹைட்ரஜன் பீக் இல்லை.

சேர்மம் வேலை செய்யவில்லை, கோபால்ட்டுக்கு மாறு என்கிறார்கள். இரும்பை விட மனமில்லை. எங்கே பார்க்க வேண்டும்?

ஆர்கான்_பலூன்:
இந்த வோல்ட் எல்லாம் எதற்கு எதிராக? மின்னழுத்த அளவுகோலாக ஃபெரோசீன் போட்டுச் சரிபார்த்தீர்களா? ஆர்கான் நன்றாக விட்டீர்களா? அசிட்டோநைட்ரைலில் ஆக்சிஜனும் ஏறக்குறைய −1.3 வோல்டில்தான் ஒடுங்கும், உங்கள் அலையோடு கலந்து ஏமாற்றிவிடும்.

வைகைக்கரை:
எல்லாமே ஃபெரோசீனுக்கு எதிராகத்தான் அண்ணா. வெற்றுக் கரைசலில் −1.3 பக்கம் தட்டையாக இருக்கிறது, ஆக்சிஜன் இல்லை.

மின்முனை_மெருகு:
அப்படியானால் சேர்மத்தைக் குறை சொல்லாதீர்கள் தங்கச்சி. பொருந்தாதது அமிலம்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அசிட்டோநைட்ரைலில் புரோட்டான்/ஹைட்ரஜன் இணைக்குப் பழைய கட்டுரைகள் எடுக்கும் மின்னழுத்த மதிப்பு −0.14 வோல்ட். அதிலிருந்து ஒவ்வொரு பிகேஏ அலகுக்கும் (அமில வலிமையின் அளவு; எண் கூடினால் அமிலம் மென்மையானது) 0.059 வோல்ட் கழியும். அந்தக் கரைப்பானில் அசிட்டிக் அமிலத்தின் பிகேஏ சுமார் 22.3. ஆக அதன் சமநிலை மின்னழுத்தம் −1.46 வோல்ட் வருகிறது; அதைவிட எதிர்மறைக்குப் போனால்தான் ஹைட்ரஜன். 2013இல் ராபர்ட்ஸும் புல்லக்கும் நேரடியாக அளந்த −0.028ஐ, பிகேஏவின் புதிய மதிப்பான 23.5உடன் வைத்தாலும் −1.4தான். உங்கள் சேர்மமோ −1.3லேயே இரண்டு எலக்ட்ரான்களை வாங்கிவிடுகிறது. அந்த இடத்தில் அசிட்டிக் அமிலத்திலிருந்து ஹைட்ரஜன் எடுக்க வெப்ப இயக்கவியலே விடாது. எந்த வினையூக்கி வைத்தாலும் இதே கதைதான்.

டைதையோலேட்டின் பென்சீன் வளையம் எலக்ட்ரான் அடர்த்தியைப் பரவலாக்கிக்கொள்கிறது. அதனால் ஒடுக்கம் எளிது. ஆனால் அதே காரணத்தால் இரண்டு எலக்ட்ரான் வாங்கிய அந்த ஈரெதிர் அயனிக்குக் காரத்தன்மை குறைவு, மென் அமிலம் அதற்குப் புரோட்டான் தராது. கார்பனைலை பாஸ்ஃபீனால் மாற்றினால் காரத்தன்மை கூடும், ஒடுக்கமோ இன்னும் எதிர்மறைக்குப் போய்விடும். இந்த இழுபறிதான் இந்தத் துறையின் உயிர்நாடி என்பேன். நொதி இதை வேறு வழியில் தீர்க்கிறது: பாலத்தில் இருக்கும் அமீன் புரோட்டானை இரும்புக்கு அருகிலேயே கொண்டுவந்து தருகிறது. 2013இல் செயற்கைச் சேர்மங்களை வெற்று (இரட்டை இரும்பு மையம் இல்லாத) நொதிக்குள் செருகிப் பார்த்தபோது அமீன் பாலம் கொண்டதே முழுச் செயல்பாட்டைத் தந்தது. எவ்வளவு அருமையான சோதனை!

சரி, உங்களுக்கு இப்போது வேண்டியது டொலூயீன் சல்ஃபோனிக் அமிலம். பிகேஏ 8 சுமார், சமநிலை மின்னழுத்தம் −0.6 அருகே. மிகை மின்னழுத்தம் (சமநிலையைத் தாண்டிக் கூடுதலாகத் தர வேண்டியது) 0.7 வோல்ட் போகும், பரவாயில்லை.

குளோவ்பாக்ஸ்_காவலன்:
மேலே சொன்னது முற்றிலும் சரி. ஒன்று சேர்க்கிறேன்: −2.1 மின்னோட்டத்தை முழுக்க உங்கள் சேர்மத்தின் கணக்கில் எழுதாதீர்கள். கிளாஸி கார்பனே அமிலங்களை நேரடியாக ஒடுக்கும், 2014இல் டெம்ப்சி குழு இதற்காகவே பல அமிலங்களை அளந்து வெளியிட்டது. சேர்மம் இல்லாமல் அதே அமிலம், அதே செறிவு என ஒரு வெற்று ஓட்டம் ஒவ்வொரு முறையும் எடுங்கள். அப்புறம் மின்முனையைத் துடைக்காமல் கழுவி மட்டும், சேர்மம் இல்லாத அமிலக் கரைசலில் வையுங்கள். மின்னோட்டம் நீடித்தால் மேற்பரப்பில் ஏதோ படிந்திருக்கிறது.

வைகைக்கரை:
சல்ஃபோனிக் அமிலம் போட்டேன், −1.3 அலை அமிலத்தோடு ஏறுகிறது! வெற்று ஓட்டத்தில் அங்கே மிகக் குறைவு, கழுவிய மின்முனையிலும் ஒன்றுமில்லை. ஜிசியில் இப்போது சின்ன பீக் தெரிகிறது, ஆனால் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. ஜிசியின் கடத்தும் வாயு ஹீலியம், துணை மின்முனை பிளாட்டினம் கம்பி.

மின்முனை_மெருகு:
மகிழ்ச்சி! ஹீலியத்தை மாற்றுங்கள். வெப்பக் கடத்துதிறனில் ஹீலியமும் ஹைட்ரஜனும் நெருக்கம், ஜிசியின் டிசிடி உணரிக்கு (வெப்பக் கடத்துதிறனை வைத்து வாயுவைக் கண்டறிவது) வேறுபாடு சரியாகத் தெரியாது. ஆர்கான் வையுங்கள். நீண்ட ஓட்டத்தில் பிளாட்டினம் கரைந்து வேலை மின்முனையில் படியலாம், அது தானே ஹைட்ரஜன் தரும். கார்பன் கம்பி போட்டு, நுண்துளைக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வையுங்கள். கலத்தைக் கருப்புத் துணியால் மூடுங்கள், ஒளி பட்டால் கார்பனைல் கழன்றுவிடும்.

ஒப்பிட ஓர் எண்: 10 கூலும் கடந்தால் 52 மைக்ரோமோல் ஹைட்ரஜன், 25 டிகிரியில் சுமார் 1.27 மில்லிலிட்டர் வர வேண்டும்.

குளோவ்பாக்ஸ்_காவலன்:
கார்பனைல் சேர்மம் என்பதால் புகைக்கூண்டுக்குள்ளேயே செய்யுங்கள், கார்பன் மோனாக்சைடு அலாரம் பக்கத்தில் இருக்கட்டும்.

வைகைக்கரை:
ஆர்கான் சிலிண்டருக்கு எழுதிவிட்டேன் அண்ணா. வந்ததும் ஃபாரடே விளைச்சலை (கடந்த மின்னூட்டத்தில் எத்தனை சதவீதம் ஹைட்ரஜனானது என்பதை) இங்கேயே போடுகிறேன்.