மார்த்தாண்டம் பக்கம் பிரசவப் பயிற்சி சொல்லித்தருபவர்கள் உண்டா?

அக்காமாரே, எனக்கு இது எட்டாவது மாதம், முதல் பிரசவம். பிள்ளைக்குத் தலை திரும்பிவிட்டது, சுகப்பிரசவத்துக்குத் தடையில்லை என்று டாக்டர் சொல்கிறார். தினமும் நடக்கிறேன். ஆனால் வலி வந்தபின் மல்லாந்தே கிடக்க எனக்கு மனமில்லை. நடக்கவும் மண்டியிடவும் சாய்ந்து நிற்கவும் விட வேண்டும், அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும். சிக்கல் இல்லாத பெண்களுக்கு இதையெல்லாம் உலக சுகாதார நிறுவனமே 2018-இல் பரிந்துரைத்திருக்கிறது.

தக்கலை, மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கம் இதற்குச் சம்மதிக்கும் ஆஸ்பத்திரி எது? மூச்சுப்பயிற்சி, வலி நேரத்தில் எப்படி உட்காருவது என்றெல்லாம் சொல்லித்தரும் பிசியோதெரபிஸ்ட் உண்டா? ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் சமீபத்தில் பிரசவம் ஆனவர்கள் கட்டாயம் எழுதுங்கள், உள்ளே துணைக்கு ஆள் விட்டார்களா?

அவசரமென்றால் ஆபரேஷனுக்கும் சரிதான், அதில் பிடிவாதம் இல்லை. வீட்டுப் பிரசவ யோசனை மட்டும் வேண்டாம்.