மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்த கொல்லர்: பழைய பதிவுகளை எங்கே தேடுவது?

வணக்கம். என் எள்ளுத்தாத்தா, பிரிட்டிஷ் காலத்து மெட்ராஸ் ராணுவத்தின் பொறியியல் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் சிப்பாய். தொழில் கொல்லுவேலை. பாதை போடுவது, பாலம் கட்டுவது, வெடிவைத்துத் தகர்ப்பது எல்லாம் அந்தப் படையின் பொறுப்பு என்பதால் கொல்லர், தச்சர், கொத்தனார்களை விரும்பிச் சேர்த்தார்கள். 1867-68-இல் பிரிட்டிஷார் அபிசீனியாவில் (இன்றைய எத்தியோப்பியா) நடத்திய போருக்கு அவர் போனார் என்று வீட்டில் சொல்வார்கள்.

அபிசீனியப் பேரரசரின் மக்தலா கோட்டை 1868 ஏப்ரல் 13 அன்று விழுந்தது. ஆனால் சாப்பர்களின் பெரும்பாடு அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது: செங்கடலோரச் சூலா கரையில் இறங்குதுறை, அப்புறம் கணவாயில் பாறையை உடைத்து யானையும் பீரங்கியும் ஏற வழி. அந்த உழைப்பைச் செய்தவர்களின் பெயர்கள் எங்கும் பேசப்படாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஊர் திரும்பி, வேலூர்ப் பக்கம் பட்டறை வைத்து வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை கட்டிப் பிழைத்தார். அந்தப் போருக்காகக் கிடைத்த வெள்ளிப் பதக்கத்தை யாரோ உருக்கிவிட்டார்களாம். அதன் பின்புறத்தில் வீரரின் பெயரே இருக்கும்!

பதக்கப் பட்டியல், சிப்பாய்களின் பெயர்ப்பட்டியல், பென்ஷன் பதிவு இவற்றை முதலில் எங்கே தேடலாம்? லண்டன் பிரிட்டிஷ் நூலகமா, எழும்பூர் ஆவணக் காப்பகமா, பெங்களூருவிலுள்ள படை மையமா? அவற்றில் ஊர், தகப்பன் பெயர் இருக்குமா? இப்படித் தேடிப் பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.