கணையத் தலைப்பகுதியில் கட்டி: அறுவைக்கு முன் கீமோதெரபி எதற்கு?

கேள்வி:
வணக்கம். என் தந்தைக்கு வயது 64. வலி ஏதுமின்றிக் கண்கள் மஞ்சளாகி உடலெங்கும் அரிப்பு ஏற்பட்டதால் சி.டி. ஸ்கேன் எடுத்தோம்; கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி தெரிந்தது. பித்தநாளத்தில் ஸ்டென்ட் வைத்து, எண்டோஸ்கோப்பி வழியாகத் திசு எடுத்துப் புற்றுநோய் என உறுதிசெய்துவிட்டார்கள். வேறு உறுப்புகளுக்குப் பரவவில்லையாம். அப்படியிருந்தும் முதலில் சில மாதங்கள் கீமோதெரபிதான் என்கிறார்கள். அதற்குள் நோய் முற்றிவிடாதா?

மறுமொழி 1:
கட்டியின் அளவைவிட, அது இரத்தக் குழாய்களை எந்த அளவுக்குத் தொட்டிருக்கிறது என்பதே இங்கு முடிவைத் தீர்மானிக்கிறது. குடலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெரிய தமனியும், கல்லீரலுக்குச் செல்லும் போர்ட்டல் சிரையும் கணையத்தை ஒட்டியே ஓடுவதால், கட்டி அவற்றைத் தொட்டிருக்கும்போது அவசரமாக அறுத்தால் வெட்டிய விளிம்பில் புற்றணுக்கள் மிஞ்சிவிடக்கூடும். ஸ்கேனில் தென்படாத நுண்பரவல் இருக்கவும் வாய்ப்புண்டு. தவிர, கணையத் தலையோடு முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் ஒரு பகுதி ஆகியவற்றையும் அகற்றும் விப்பிள் அறுவை மிகப் பெரியது. அதற்குப் பின் கீமோதெரபியைத் தாங்கும் வலு பலருக்கு இருப்பதில்லை. ஆகவே இதைக் காத்திருப்பு என்று நான் கருதமாட்டேன். சிகிச்சை தொடங்கிவிட்டது என்றே கொள்ள வேண்டும். இடையில் மீண்டும் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. சிரையை மட்டும் தொட்டிருப்பதாக அறிக்கையில் உள்ளது. இரத்தத்தில் அளக்கும் புற்றுநோய்க் குறியீடான சிஏ 19-9 மிக அதிகமாக இருப்பதுதான் அச்சுறுத்துகிறது. எடையும் குறைகிறது, மலம் எண்ணெய்ப் பசையுடன் போகிறது.

மறுமொழி 2:
பித்தநாள அடைப்பு ஒன்றே சிஏ 19-9 அளவை உயர்த்திவிடும். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் நிறமியான பிலிரூபின் இறங்கிய பின் எடுக்கும் அளவையே ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 3:
எண்ணெய்ப் பசை, கணைய நொதிகள் குடலுக்குப் போதிய அளவு வந்து சேராததன் அறிகுறி. உணவோடு சேர்த்து விழுங்கும் நொதி மாத்திரைகள் உண்டு. மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள், ஏனெனில் புற்றுநோய்ப் பேச்சின் நடுவே இது பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. பி.ஆர்.சி.ஏ. 1, 2 உள்ளிட்ட, பரம்பரைப் புற்றுநோயோடு தொடர்புடைய மரபணுக்களுக்கான பரிசோதனையையும் கேளுங்கள். அவற்றில் பிறழ்வு இருந்தால் பிளாட்டினம் வகை கீமோதெரபி மருந்துகள் கூடுதலாகப் பலனளிக்கலாம். பிள்ளைகளாகிய நீங்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டிவரும். ஸ்டென்ட் இருக்கும் காலத்தில் குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தால், அது பித்தநாளத் தொற்றாக இருக்கலாம் என்பதால், இரவானாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.